நாறாத கஞ்சி

அத்தியாயம் 7

சின்னக்கண்ணுவின் விரல்களுக்கு நடுவே கடலை விதை பிதுங்கி வழிந்தது. மேல்தோல் தனியாகக் கழன்று நகத்தில் ஒட்டிக்கொண்டது. உள்ளே பருப்பு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஏதோ ஒன்று. அதற்குள்ளிருந்து வெள்ளையாகப் புழு ஒன்று தலையை நீட்டியது. வெயில் பிடிக்கவில்லை போலிருக்கிறது, மறுபடி உள்ளே போய்விட்டது.

"உவ்வே! மேடம், இந்தக் கையை இனிமே எப்படி வாயில வைப்பேன்? ஒரு மாசத்துக்கு எனக்கு யாராச்சும் ஊட்டித்தான் விடணும்."

"ஒரு மாசம் பட்டினி கெடந்தா உங்களுக்கு நல்லதுதான், அண்ணே" என்றாள் வினோலியா. அதே விதையை வாங்கி, மூக்குக்கு நேராகப் பிடித்து, மல்லிகைப் பூவை முகர்வதுபோல் இழுத்து முகர்ந்தாள். சின்னக்கண்ணு காலையில் தின்ற பொங்கல் தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

அவள் அப்படித்தான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் துப்பறியும் அலுவலகம் திறப்பதற்கு முன்னால் எட்டு வருடம் விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். அழுகலைக் கண்டால் அவளுக்கு ஒரு குஷி. சின்னக்கண்ணுவோ பதினைந்து வருடம் பூட்டுப் பட்டறையில் அரம் போட்டவன். இரும்பு நாறாது. அந்த நிம்மதியை விட்டுவிட்டு இவளிடம் உதவியாளனாகச் சேர்ந்த நேரத்தை நினைத்து, எரியோட்டுக்குத் தெற்கே இந்தச் செம்மண் காட்டில் குந்தியபடி, தன் தலையில் தானே அடித்துக்கொள்ளப் போனான். கை இருந்த லட்சணம் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டான்.

காடு முழுக்க அந்த நாற்றம்தான். தொண்ணூற்றொன்பதாம் வருடத்து ஆடி மழை ஏமாற்றாமல் பெய்தும், இந்த ஊரில் பதினோரு குடும்பம் விதைத்த கடலை மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டது. கால் வைத்த இடமெல்லாம் ஈ கிளம்பியது. ஊர்க்காரர்கள் விரல் நீட்டியது ஒரே ஆளை. மாலதி.

மாலதி நேற்றுச் சாயங்காலம் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். வேடசந்தூர் ரோட்டில் சின்னதாக ஒரு ஷெட் போட்டு, பயிருக்கு நல்லது செய்யும் பாக்டீரியாவை வளர்த்துப் பொட்டலம் கட்டி விற்பவள். அந்தப் பொடியை ஆறின வடிகஞ்சியில் கரைத்து, விதைமேல் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். அவளே வந்து செய்து காட்டிப் பூசிக்கொடுத்த விதைதான் இப்படி நாறிக் கிடக்கிறது.

"திங்கக்கெழம அந்த ஊருக்குப் போனேன் மேடம். பொம்பளைக இதைக் கொண்டாந்து என் மடியில கொட்டிட்டாக" என்று சொல்லி, பாலிதீன் பையைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். சின்னக்கண்ணு ஜன்னலுக்கு ஓடினான். அவளோ மூக்கைப் பொத்தவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. "இது நான் வளத்த பாக்டீரியா செஞ்ச வேலையில்ல. எனக்கு நல்லாத் தெரியும். ஆனா நான் சொன்னா யாரு கேக்குறா?"

ஷெட்டுக்குச் சீல் வைத்தாகிவிட்டது. இன்று நான்கு மணிக்கு இந்த ஊர் மாதாகோயில் மண்டபத்தில் விசாரணை. வேளாண்மை அதிகாரி வருவார். அதற்குள் உண்மை தெரியாவிட்டால் மாலதியின் லைசென்ஸ் போகும், பதினோரு குடும்பமும் போலீஸ் புகாரில் கையெழுத்துப் போடும். விதையைக் கொன்றவள் என்ற பெயரோடு அவள் எந்த ஊருக்குள்ளும் கால் வைக்க முடியாது.

இப்போது மணி பத்தரை.

"இதுல துப்பறிய என்ன மேடம் இருக்கு?" என்றான் பக்கத்தில் நின்ற முருகன். மாலதியின் புருஷன். வழிகாட்ட அவள்தான் அனுப்பியிருந்தாள். சென்ட் போட்ட கைக்குட்டையை மூக்கில் அழுத்திப் பிடித்திருந்தான், அதற்குள்ளிருந்துதான் பேச்சு வந்தது. "வெதை குடுத்தது ஒட்டன்சத்திரம் வேலுசாமி. மழையில நனைஞ்ச பழைய வெதையைக் காயவச்சு ஏமாத்திட்டான். பழி எம்பொண்டாட்டி தலையில."

"பாத்தீங்களா?"

"பாக்கணுமா? அவன் மூஞ்சியிலயே எழுதியிருக்கு."

"நான் அந்த எழுத்தைப் படிக்கிறதில்ல" என்ற வினோலியா எழுந்து வரப்பில் ஏறினாள். ஏறியவள் அப்படியே நின்றாள். "அண்ணே, அங்க பாருங்க."

வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு காடு பச்சைப்பசேலென்று இருந்தது. கடலை நாற்று நான்கு நான்கு இலை விட்டு வரிசையாகச் சிரித்தது.

"அது செபஸ்தியம்மா காடு" என்றான் முருகன் அவசரமாக. "அதும் வேலுசாமி வெதைதான். ஒரே மூட்டை. எதோ அதிர்ஷ்டம்."

"அதே பொட்டலம்?"

"அதே பொட்டலந்தான். ஊரு என்ன பேசுதுன்னா, எம்பொண்டாட்டி அந்தம்மாவுக்கு மட்டும் நல்லதைக் குடுத்துட்டாளாம்."

வினோலியா முருகனைத் திரும்பிப் பார்த்தாள். "ஒரே மூட்டைன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் வேலுசாமியை எப்படிப் புடிக்கிறது?"

முருகனின் கைக்குட்டை இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

---

செபஸ்தியம்மாள் ஐம்பது வயது, கட்டுமஸ்தான உடம்பு, மகா கறார். தனியாகவே நாலு ஏக்கர் பார்க்கிறவள். வீட்டின் தானிய அறையைத் திறந்துவிட்டவள், "அந்த அழுகலை என் வீட்டுக்குள்ள கொண்டாரணுமாக்கும்? பெறகு நீதான் கழுவிவிடணும் அப்பு" என்று சின்னக்கண்ணுவிடம் சொல்லிவைத்தாள்.

"நான் கழுவுறேன்த்தா. முதல்ல என்னையே நான் கழுவணும்."

ஜன்னலைச் சாக்கால் மூடியதும் அறை கும்மிருட்டானது. காற்று நின்றுபோனது. ஒரு முறத்தில் பதினோரு காட்டிலிருந்து எடுத்த அழுகல் விதை, இன்னொரு முறத்தில் செபஸ்தியம்மாள் காட்டில் பிடுங்கிய இளம் நாற்று. அடைத்த அறையில் அந்த நாற்றம் நாக்கில் படிவதுபோல் இருந்தது. சின்னக்கண்ணு வாயால் மூச்சு விட்டுப் பார்த்தான். அது இன்னும் மோசம்.

"லைட்டு, அண்ணே."

எரியோட்டில் ராயப்பராஜின் பேக்கரியில் கடன் வாங்கி வந்த லைட்டை நீட்டினான். ஐந்நூறு ரூபாய் நோட்டு கள்ளநோட்டா என்று பார்க்கிற நீல லைட்டு. வரும் வழியில், "வெதையில கள்ள வெதை பாக்கப் போறீங்களா?" என்று கேட்டு அவளிடம் முறைப்பு வாங்கியிருந்தான்.

வினோலியா அதை அழுகல்மேல் பிடித்தாள். ஒன்றும் இல்லை, நீல இருட்டில் கறுப்புக் குவியல். நாற்றின் பக்கம் திருப்பினாள்.

வேரைச் சுற்றி, விதை ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில், மங்கலாக மஞ்சள் கலந்த பச்சை ஒளி.

"அடியாத்தீ!" என்று செபஸ்தியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பயப்படாதீங்கக்கா. மாலதி வளக்குற பாக்டீரியா இந்த லைட்டுல மினுங்கும். உங்க கடலையில அது உசிரோட உக்காந்திருக்கு. மத்தவங்க கடலையில ஒண்ணுகூட இல்ல."

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்றான் சின்னக்கண்ணு. "பூச்சிதான மேடம் ரெண்டும்?"

"வெதை தண்ணியில ஊறுனதும் அதுலருந்து இனிப்பா ஒரு சாறு கசியும். மண்ணுல இருக்குற அம்புட்டுக் கிருமியும் அதை மோப்பம் புடிச்சு ஓடி வரும். நல்லதும் வரும், அழுக வைக்கிறதும் வரும். முதல் ரெண்டு நாளு யாரு வெதையைச் சுத்தி எடம் புடிக்கிறாங்களோ அவங்க ராஜ்ஜியந்தான்."

சின்னக்கண்ணுவுக்குப் பளிச்சென்று விளங்கியது. "தைப்பூசத்துக்குப் பழனி பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போடுறாப்புல."

"அதேதான். மாலதி பொடியைப் பூசுறது, நல்லவங்க துண்டை முன்கூட்டியே போட்டு வைக்கிற வேலை. பதினோரு காட்டுலயும் அந்தத் துண்டை எவனோ எடுத்து எறிஞ்சிருக்கான். சீட்டு காலி. அழுக வைக்கிற கூட்டம் ஏறி உக்காந்துகிச்சு."

"அப்ப நாம இம்புட்டு நேரம் மோந்து பாத்தது..."

"அந்தக் கூட்டம் வயிறாரச் சாப்பிட்ட வாசனை."

"உவ்வே!" என்று சின்னக்கண்ணு கதவைத் திறந்துகொண்டு ஓடினான்.

---

எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்று பார்க்காமல் ஓடியவன் நின்ற இடம் மாட்டுக்கொட்டகை. அங்கேயும் சாணி, மூத்திரம், நேற்றைய புண்ணாக்கு ஊறல். போதுமடா சாமி என்று மூலையில் இருந்த ஒரு பிளாஸ்டிக் வாளிப் பக்கம் ஒதுங்கினான். வாளிமேல் ஒரு தட்டு. தட்டைத் தூக்கினான். உள்ளே அடியில் கொஞ்சம் கஞ்சி. இந்தப் பாழாய்ப்போன காலையில் முதல் முறையாக அவன் மூக்குக்கு ஒரு நாற்றமும் வரவில்லை. சாய்ந்து நின்று நிம்மதியாக மூச்சு விட்டான்.

பின்னாலேயே வந்த வினோலியாவிடம், "மேடம், இந்த ஊருலயே மனுசன் மூச்சு விடுற எடம் இது ஒண்ணுதான். நான் இங்கனக்குள்ளயே இருந்துக்கிறேன்" என்றான்.

"அது என்ன வாளி?" என்றாள் அவள்.

பதில் செபஸ்தியம்மாளிடமிருந்து வந்தது. "அன்னிக்கு வெதைக்குப் பூசுன கஞ்சி. என் களத்துலதான எல்லாரும் பூசுனாக. மிச்சத்தை மாட்டுக்கு வச்சேன். மாடு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. கொட்ட மறந்து அப்படியே கெடக்கு."

"அன்னிக்குன்னா?"

"பதினஞ்சு நாளாச்சு."

"கஞ்சி யாரு கொண்டாந்தா?"

"நாந்தான் மேடம்" என்று முருகன் முன்னால் வந்தான். "பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்ஸுல வாங்கியாந்தேன். ஐயே, நாத்தம் கொடலைப் புடுங்குது. குடுங்க, கொட்டிட்டு வாரேன்." கைக்குட்டையை இறுக்கிக்கொண்டு வாளியைத் தூக்கக் குனிந்தான்.

"வையிங்க கீழ." வினோலியாவின் குரலில் இருந்த வெட்டில் அவன் வாளியை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனான். அவள் செபஸ்தியம்மாள் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்களும் இந்தக் கஞ்சியிலதான் பூசுனீங்களா?"

"நானா? எந்த மெஸ்ஸுல எவன் கைவிட்ட கஞ்சியோ, அதை நான் ஏன் தொடுறேன்? பொட்டலத்தை மட்டும் வாங்கிட்டு வந்து, எங்க வீட்டுல வடிச்சதுல பூசிக்கிட்டேன்."

"இதை ஏன் யாருட்டயும் சொல்லல?"

"கஞ்சியைப் பத்தி யாரு தாயி கேட்டா? எல்லாரும் பொட்டலத்தைத்தான் கேட்டாக."

வினோலியா வாளிக்குள் முகத்தை விட்டு முகர்ந்தாள். சின்னக்கண்ணுவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வந்தால் கேஸ் முடிந்தது என்று அர்த்தம். அவனுக்குத்தான் எப்போதும் போல ஒன்றும் புரியவில்லை.

"அண்ணே, நேத்து வடிச்ச கஞ்சி இன்னிக்கு எப்படி இருக்கும்?"

"புளிக்கும்."

"மூணு நாளான கஞ்சி?"

"மேடம், வேணாம். பொங்கல் இன்னும் நடுவழியிலதான் நிக்குது."

"இது பதினஞ்சு நாளுக் கஞ்சி. இந்த வெக்கையில. ஏன் நாறல?"

சின்னக்கண்ணு வாளிக்குள் எட்டிப் பார்த்தான். ஆமாம், ஏன் நாறவில்லை? ஊரே நாறும்போது, முதலில் நாற வேண்டியது எப்படி நாறாமல் இருக்கும்? வாளியை வெளிச்சத்துக்கு இழுத்தான். கஞ்சி லேசாக நீலம் பாய்ந்திருந்தது. பார்த்ததும் அவனுக்குப் பட்டறை ஞாபகம் வந்தது. சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் இரும்புச் சாவி ஒன்றை எடுத்து, கல்லில் பளபளவென்று தேய்த்து, கஞ்சிக்குள் முக்கினான்.

"செத்த நேரம் பொறுங்க மேடம். இப்ப நான் துப்பறியிறேன்."

கால் மணி நேரம் கழித்து எடுத்துத் துடைத்தான். வெள்ளையாகப் போன இரும்பு செக்கச்செவேலென்று வந்தது, செப்புச் சாவி மாதிரி.

"மயில்துத்தம்!" என்றான். "இரும்புச் சாவியைத் துத்தத் தண்ணியில முக்கி, செப்புன்னு ஏமாத்துற பயலுக எங்க பட்டறைப் பக்கம் ரெண்டு பேரு இருந்தானுக. விஷம் மேடம் இது. இதுல எந்தப் பாக்டீரியா பொழைக்கும்?"

"பாக்டீரியாவும் பொழைக்காது, வெதையும் பாதி செத்துரும். நல்லவங்க செத்தாச்சு, வெதைக்கும் தெம்பு இல்ல. பூசுன துத்தத்தை மழை கழுவிட்டுப் போனதும் மண்ணுல இருந்த அழுகல் கூட்டத்துக்கு விருந்து."

"மெஸ்ஸுல எவன் கஞ்சியில துத்தம் போடுறான்?"

"அதைத்தான் இப்ப வடிகட்டிப் பாக்கணும். உங்க கர்ச்சீப்பைக் குடுங்க, அண்ணே."

"இது கல்யாணத்துக்கு வந்த கர்ச்சீப்பு" என்று முனகிக்கொண்டே கொடுத்தான். கஞ்சி வடிந்த பிறகு துணியில் தங்கியதை அவள் நுனிவிரலால் பிரித்தாள். ரோஸ் கலரில் இரண்டு, மஞ்சளில் ஒன்று. நூல் பிசிறு. மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சின்னக்கண்ணு திரும்பிப் பார்த்தான். முருகனைக் காணவில்லை. "டீ குடிச்சுட்டு வாரேன்னு போனாரு" என்றாள் செபஸ்தியம்மாள்.

---

நான்கு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. மேசைக்குப் பின்னால் வேளாண்மை அதிகாரி. முன்வரிசையில் பதினோரு குடும்பம். யாரோ அழுகல் விதையைச் சாட்சியாகத் தாம்பாளத்தில் வைத்திருந்தார்கள், பூசைத்தட்டு மாதிரி. அதைச் சுற்றி ஈ. மாலதி அதற்கு நேரே நின்றாள். டீ குடித்துவிட்டு வந்த முருகன் தூணோடு ஒட்டி நின்றான்.

"ஏனுங்க மேடம், எம்மேல பழி போடத்தானுங்களே வந்திருக்கீங்க?" என்று எழுந்தார் விதை வியாபாரி வேலுசாமி. "நானும் மனுசனுங்க. என்ர மூட்டையில கெட்ட வெதை இல்லீங்க."

"இல்லதான். உக்காருங்க" என்றாள் வினோலியா. ஒட்டன்சத்திரத்துக்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. உட்காரவும் மறந்து நின்றார்.

அவள் நீட்டி முழக்கவில்லை. லைட்டில் மினுங்கிய வேரைச் சொன்னாள், நாறாத கஞ்சியைச் சொன்னாள், வாளியைக் காட்டினாள். சின்னக்கண்ணு சிவந்த சாவியை அதிகாரியின் மேசையில் வைத்தான். கூட்டம் சலசலத்தது. "அப்ப கஞ்சியில விஷம் வச்சது யாருங்கேன்?" என்று கத்தினார் தங்கமுத்து. அவருக்கு மூன்று ஏக்கர் போயிருந்தது.

வினோலியா கர்ச்சீப்பைப் பிரித்து மாலதியிடம் நீட்டினாள். "இது என்னன்னு தெரியுதா?"

மாலதி குனிந்து பார்த்தாள். சாவியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"பாவு நூலு" என்றாள் மெதுவாக. "இது பாவுக் கஞ்சி. தறியில ஏத்துறதுக்கு முன்னால நூலுக்குப் போடுற கஞ்சி. பூஞ்சணம் புடிக்காம இருக்க அதுல துத்தம் கலப்பாக. எங்கய்யா வீட்டுல, சின்னாளப்பட்டியில, நான் பொறந்ததுலருந்து பாத்த கஞ்சி. அன்னிக்குக் கஞ்சி வரவே இருட்டிருச்சு, லாந்தர் வெளிச்சத்துல நெறம் தெரியாமப் போச்சு."

மாலதி தூணைப் பார்த்தாள்.

"நீ மெஸ்ஸுல வாங்குனேன்னுதான சொன்னே?"

முருகன் கைக்குட்டையைக் கசக்கினான். "மெஸ்ஸுக்குப் போனேன் மாலதி. சீட்டாட்டத்துல உக்காந்து நேரமாயிருச்சு. போனா, கஞ்சி தீந்துபோச்சுன்னுட்டான். உங்கய்யா வீட்டுக் கொல்லையில வாளி நெறைய இருந்துச்சு. கஞ்சி கஞ்சிதானேன்னு நெனச்சுத் தூக்கியாந்துட்டேன். துத்தம்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது."

"எப்பத் தெரியும்?"

அவன் தூணுக்குப் பின்னால் நகரப் பார்த்தான்.

"எப்பத் தெரியும்னு கேக்குறேன்."

"போன ஞாயித்துக்கெழம. உங்கய்யா கத்திக்கிட்டுக் கெடந்தாரு. துத்தம் போட்ட கஞ்சியை எவன் தூக்கிட்டுப் போனான், மாடு குடிச்சாச் செத்துருமேன்னு."

"ஞாயித்துக்கெழம" என்றாள் மாலதி. "திங்கக்கெழம இந்த ஊருப் பொம்பளைக அழுகின வெதையை என் மடியில கொட்டுனாக. நீ பக்கத்துலதான நின்னே?"

சின்னக்கண்ணுவுக்குக் காலையிலிருந்து வராத குமட்டல் ஒன்று இப்போது அடிவயிற்றிலிருந்து வந்தது. புழுவைப் பார்த்தபோதுகூட இப்படிப் புரட்டவில்லை. தெரிந்தே ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டு, வேலுசாமி தலையில் கட்டப் பார்த்துக்கொண்டு, பெண்டாட்டி மேல் விழுந்த அசிங்கத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான், சென்ட் போட்ட கைக்குட்டையோடு. தூ!

மாலதி அழவில்லை. அதிகாரியிடம் திரும்பினாள். "எழுதிக்கங்க சார். பாக்டீரியா மேலயும் தப்பில்ல, வெதை மேலயும் தப்பில்ல. கஞ்சி எங்கய்யா வீட்டுக் கஞ்சி. கொண்டாந்தது எம்புருசன்." பிறகு முன்வரிசையைப் பார்த்தாள். "இன்னும் ஒரு மழை இருக்கு. பொடி நான் திரும்பத் தாரேன். வெதைக் காசுக்கு எம்புருசனோட வண்டியை வித்துக்கங்க, வாசல்ல நிக்குது, சாவியை வாங்கிக்கங்க. கஞ்சி மட்டும் அவங்கவங்க வீட்டுல வடிச்சதா இருக்கட்டும்."

தங்கமுத்து எழுந்தார். திங்கட்கிழமை முதலில் கொட்டியது அவர் பெண்டாட்டிதான். போலீஸுக்கு எழுதி வைத்திருந்த காகிதத்தை நாலாகக் கிழித்தார். அதிகாரி ஷெட் சாவியை மேசைமேல் வைத்தார்.

"ஏத்தா" என்று பின்னாலிருந்து செபஸ்தியம்மாள் கூப்பிட்டாள். "நாளைக்கு என் வீட்டுல கூட ரெண்டு படி உலை வைக்கிறேன். எல்லாருக்கும் கஞ்சி காணும்."

கூட்டம் கலைந்தது. தாம்பாளத்தை எடுத்துப் போக ஆளில்லை, அது மேசைமேலேயே நாறிக்கொண்டு கிடந்தது. மாலதி அதைத் தானே இரண்டு கையாலும் தூக்கினாள். முகம் சுளிக்காமல் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

வாசலில் முருகன் வந்து நின்றான். "மாலதி, வீட்டுக்குப் போவோம் வா. நான் சொல்றதக் கேளு" என்று அருகில் நெருங்கினான்.

மாலதி நின்றாள். தாம்பாளத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்தியபடி அவனைக் கடந்து போனாள்.